கால் நொடியில் ஒரு வாள்வீச்சு

கீழ்பென்னாத்தூரிலிருந்து கிழக்கே போகும் சாலை செஞ்சிக்குச் செல்கிறது. 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி இளம் வயதிலேயே மடிந்த செஞ்சி மன்னன் தேசிங்கு ராஜனின் கதை, இந்த வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகப் பாட்டாகவும் கூத்தாகவும் வாழ்கிறது. தெருக்கூத்தில் இரண்டு வேஷங்கள் மோதும்போது மிருதங்கமும் தாளமும் ஒவ்வொரு அடியையும் அளந்து கொடுக்கும். வாள் சண்டை என்பது வெறும் வேகமல்ல, தாளம். கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. இதே உண்மையைக் கணினிக்குள் நுணுக்கமாகக் கட்டிக் காட்டிய வீடியோ கேம் ஒன்று ஜப்பானிலிருந்து வந்திருக்கிறது.

அதன் பெயர் ‘செகிரோ: ஷேடோஸ் டை ட்வைஸ்’. டோக்கியோவின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கியது. இயக்கியவர் ஹிதெதாகா மியாசாகி. 2019 மார்ச்சில் வெளிவந்து, அந்த ஆண்டின் ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில் சிறந்த கேமாகத் தேர்வானது. இதுவரை ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. சிற்றரசர்கள் ஓயாமல் போரிட்ட பழைய ஜப்பானில், ஒரு கையை இழந்த வீரன் தன் இளம் தலைவனை மீட்கப் போராடுவதே கதை. அவன் வாள் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

திரையில் தெரியும் அசைவு, அடுத்தடுத்து மாறும் படங்களின் வரிசை. ஒவ்வொரு படத்தையும் ஃப்ரேம் என்கிறார்கள். நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமின் ஆயுள் சுமார் 16.7 மில்லி நொடி. அதற்குள் கணினி நாம் அழுத்திய பட்டனைப் படிக்கவேண்டும். இரண்டு வீரர்களையும் நகர்த்தவேண்டும். யார் மேல் வாள் பட்டது என்று கணக்கிடவேண்டும். பிறகு படத்தை வரையவேண்டும்.

வாள் பட்டதா என்பதைக் கணினி எப்படி அறியும்? நாம் காணும் உருவங்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத எளிய வடிவங்கள் ஒளிந்திருக்கின்றன. வாளோடு ஒரு வடிவம், உடலோடு சில வடிவங்கள். இவை ஒன்றையொன்று தொட்டால் அடி விழுந்ததாகக் கணக்கு. ஆனால் வேகமாகச் சுழலும் வாள், ஒரு ஃப்ரேமில் எதிரிக்கு இடப்புறமும் அடுத்த ஃப்ரேமில் வலப்புறமும் இருக்கக்கூடும். நடுவில் தொட்ட கணமே பதிவாகாது. அதனால் இரண்டு ஃப்ரேம்களுக்கு இடையில் வாள் கடந்துபோன பரப்பு முழுவதையும் சோதிக்கும் முறையைக் கேம் உருவாக்குபவர்கள் கையாளுகிறார்கள்.

ஒவ்வொரு வீச்சுக்கும் மூன்று கட்டங்கள் உண்டு. முதலில் ஓங்குதல், அடுத்து வெட்டும் கணம், கடைசியாக மீளுதல். வெட்டும் கணத்தில் மட்டுமே வாளுக்கு வலிமை. ஓங்கும்போது அது முன்னறிவிப்பு. மீளும்போது ஓங்கியவனுக்கே அது ஆபத்து.

இங்கேதான் மனித உடலின் எல்லை குறுக்கே வருகிறது. கண்ணால் ஒன்றைக் கண்டு விரலை அசைக்க நமக்கு ஏறக்குறைய கால் நொடி ஆகும். அதாவது 15 ஃப்ரேம். டிவியும் கன்ட்ரோலரும் தங்கள் பங்குக்குச் சிறிது தாமதம் சேர்க்கும். வெட்டும் வாளைக் கண்ட பிறகு தடுக்க நினைத்தால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். ஆகவே தேர்ந்த ஆட்டக்காரர் வாளைப் பார்ப்பதில்லை. எதிரியின் தோள் எப்போது உயர்கிறது, கால் எப்போது முன்னே வருகிறது என்று பார்க்கிறார்.

இந்தப் பார்வையைப் பழக்குவதற்கென்றே செகிரோவில் ஒரு விதி இருக்கிறது. உயிர்ப் பட்டையோடு போஸ்ச்சர் என்ற இன்னொரு பட்டையும் உண்டு. எதிரி எவ்வளவு நிலைகுலைந்திருக்கிறான் என்பதை அது காட்டும். அவனுடைய வாள் நம் மேல் விழும் கணத்தில் சரியாகத் தடுத்தால் பட்டை ஏறும். அது நிரம்பிவிட்டால், உயிர் எவ்வளவு மிச்சமிருந்தாலும் சாதாரண எதிரியை ஒரே குத்தில் வீழ்த்தலாம். பதற்றத்தில் தடுப்புப் பட்டனைத் தொடர்ந்து தட்டினாலோ, சரியான தடுப்புக்கான இடைவெளி சுருங்கிக்கொண்டே போகும். அவசரத்துக்குத் தண்டனை, கவனத்துக்குப் பரிசு என்பதுதான் இதன் நீதி.

சாதாரணமாகத் தடுக்க முடியாத தாக்குதல் வரும்போது, ஆபத்து என்று பொருள்படும் ஜப்பானிய எழுத்து சிவப்பாக மின்னும். ஈட்டி போல் குத்த வந்தால் விலகி ஓடாமல் முன்னே அடியெடுத்து வைத்து ஆயுதத்தை மிதிக்கலாம். காலை வாரும் வீச்சு வந்தால் குதிக்கவேண்டும். பிடிக்க வந்தால் விலகவேண்டும். எழுத்து மின்னுவதற்கும் அடி விழுவதற்கும் நடுவில் கிடைக்கும் சின்ன அவகாசத்தில் எது வருகிறது என்று இனம் கண்டாக வேண்டும்.

காதுக்கும் பெரிய வேலை உண்டு. சரியான தடுப்புக்குக் கணீரென்ற ஒலி, அரைகுறைத் தடுப்புக்கு மங்கிய ஒலி. எடையே இல்லாத படத்துக்கு எடை கொடுக்க, அடி விழும் கணத்தில் அசைவைச் சில ஃப்ரேம்கள் நிறுத்திவைக்கும் உத்தியும் வாள் சண்டைக் கேம்களில் உண்டு. பழகிய பின் ஒரு நீண்ட சண்டை தாளக்கட்டுப் போலவே கேட்கும். எதிரியின் நடையைக் காதே முதலில் மனப்பாடம் செய்துவிடும்.

எதிராளியின் அசைவை முன்கூட்டியே வாசிக்கத்தான் நம் சிலம்பமும் கற்பிக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் காட்சி விளையாட்டாக இடம்பெற்ற கலை அது. சிலம்பத்தில் பயிற்சி கம்பின் வேகத்தில் தொடங்குவதில்லை, காலடியில் தொடங்குகிறது. கேம் ஆடி யாரும் வாள்வீரராகிவிட முடியாது; மூச்சும் தசையும் களத்தில்தான் தேறும். ஆனால் எதிராளியின் உடலை வாசிக்கும் பழக்கம் இரண்டுக்கும் பொது.

தொடங்க விரும்புவோருக்குச் சில குறிப்புகள். ரத்தக் காட்சிகள் இருப்பதால் ஐரோப்பியத் தரச்சான்று இதை 18 வயதுக்கு மேற்பட்டோருக்கே பரிந்துரைக்கிறது. சிறுவர்கள் கையில் தரவேண்டாம். டிவியில் ஆடினால் ‘கேம் மோட்’ போட்டுக்கொள்ளுங்கள், தாமதம் குறையும். எளிது, கடினம் என்று தேர்ந்தெடுக்கும் வசதி இதில் கிடையாது. ஆகவே புதிய எதிரியைச் சந்தித்தால் உடனே வெட்டப் பாயாதீர்கள். முதல் சில சுற்றுகளில் தடுத்துக்கொண்டு மட்டும் நில்லுங்கள். எத்தனை வெட்டுக்குப் பிறகு அவன் மூச்சு வாங்குகிறான், எந்த அடிக்கு முன் தோள் சாய்கிறது என்று எண்ணுங்கள். அந்தச் சுற்றுகளில் நீங்கள் தோற்பீர்கள். ஆனாலும் அவை வீணல்ல. வெற்றிக்கு வேண்டிய தகவல் முழுவதும் அவற்றில்தான் கிடைக்கிறது.