கம்பியிலிருந்து எண்ணெய்க்கு: ஒரு பழைய காடியின் பிரேக் மாற்றம்

என் மாமாவிடம் 1950-ஆம் ஆண்டு ஃபோர்டு பிரிஃபெக்ட் ஒன்று இருக்கிறது. கோலா சுங்கை பாரு பக்கத்துத் தோட்டமொன்றில் கிராணியாக இருந்த தாத்தா வாங்கிய காடி அது. அக்காவின் திருமணத்தன்று மணமக்களை அதில்தான் ஏற்றி வர வேண்டும் என்று வீட்டில் முடிவானது. சோதனை ஓட்டமாக மஸ்ஜிட் தானா பக்கம் சென்றோம். முன்னால் போன மைவி திடீரென நின்றது. மாமா பிரேக்கை மிதித்தார். எங்கள் காடியோ இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்ச் சாலையோரப் புல்லில் ஏறி நின்றது. யாருக்கும் காயமில்லை. ஆனால் பின்னிருக்கையில் பட்டுச்சேலையோடு அக்கா இருந்திருந்தால் என்ற எண்ணம் எங்கள் இருவரையும் விடவில்லை.

பொறியியல் மாணவன் என்ற தைரியத்தில், “மாமா, ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாத்திடலாம்” என்றேன்.

“ராடு இருக்குற வரைக்கும்தான்டா இது தாத்தா காடி” என்றார் அவர்.

நண்பர்களே, இந்த வாக்குவாதம் உலகெங்கும் பழைய காடி வைத்திருப்போர் வீடுகளில் நடப்பதுதான். அதைப் புரிந்துகொள்ள முதலில் கம்பி பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். மிதியை அழுத்தினால் காடியின் அடியிலுள்ள குறுக்குத் தண்டு சுழலும். அதிலிருந்து நான்கு சக்கரங்களுக்கும் போகும் இரும்புக் கம்பிகள் இழுபடும். டிரம்முக்குள் ஆப்பு போன்ற ஒரு துண்டு இரண்டு பிரேக் ஷூக்களையும் அகற்றி, டிரம்மின் உட்சுவரில் அழுத்தும். கெட்ட அமைப்பு என்று இதைச் சொல்ல முடியாது. சிக்கல் சமநிலையில்தான் இருக்கிறது. ஒவ்வொரு மூட்டிலும் ஓர் ஊசி உண்டு. வலப்பக்க ஊசிகள் இரண்டு தேய்ந்தால் போதும், இடப்பக்க ஷூ முந்திக்கொண்டு கவ்வும். காடி இடப்பக்கம் இழுக்கும். எங்களுக்கு நேர்ந்தது இதுவே.

எண்ணெய்யழுத்த பிரேக்கில் இந்தச் சிக்கல் இல்லை. மூடிய குழாயிலுள்ள திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லா இடத்திலும் ஒரே அளவாகப் பரவும் என்ற பாஸ்கல் விதியைப் பள்ளியில் படித்திருப்போம். மால்கம் லாக்ஹீட் 1917-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1921-இல் டூசன்பெர்க் காடியிலும் 1924-இல் கிரைஸ்லரிலும் இது வந்தது. மிதியிலிருந்து சக்கரம்வரை இரும்பே நம்பகமானது என்று பிடிவாதம் பிடித்த ஹென்றி ஃபோர்டு 1939 மாடலில்தான் இறங்கி வந்தார். இங்கிலாந்து ஃபோர்டின் மலிவு ரகமான பாப்புலரோ 1959 வரை கம்பி பிரேக்குடனே விற்பனையானது. ஆக, என் மாமாவின் பிடிவாதம் பெரிய இடத்துப் பிடிவாதம்!

அமெரிக்காவில் இந்த மாற்றம் எளிது. 1928 முதல் 1931 வரை வந்த ஃபோர்டு மாடல் ஏ காடிக்குப் பிந்திய ஃபோர்டுகளின் ஹைட்ராலிக் பிரேக்கைக் கழற்றிப் பொருத்துவது அங்கே நெடுநாள் வழக்கம். ஆஸ்டின் செவனுக்கு நம் நாட்டில் ஒரு காலத்தில் எங்கும் ஓடிய மோரிஸ் மைனரின் உதிரிகளைப் பயன்படுத்துவோர் உண்டு. பிரிஃபெக்டுக்கு அவ்வளவு அதிர்ஷ்டமில்லை. அடுத்த தலைமுறையான 100இ ரகத்தில் ஹைட்ராலிக் பிரேக் இருந்தாலும் அதன் முன்சக்கர அமைப்பே வேறு. பின்தட்டைப் பொருத்த நடுவில் வைக்கும் தகட்டைக் கடைந்தெடுக்க வேண்டியிருக்கும்.

இனி கணக்கு. நம் பட்டறைகளில் மாஸ்டர் பம்ப், வீல் பம்ப் என்பார்கள். மிதியின் நெம்புகோல் விகிதம் 5:1 என்று வைத்துக்கொள்வோம். கால் 30 கிலோ விசை கொடுத்தால் மாஸ்டர் பம்புக்கு 150 கிலோ போய்ச் சேரும். அதன் துவாரம் முக்கால் அங்குலம் என்றால் பரப்பு 2.85 சதுர சென்டிமீட்டர். அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 53 கிலோ. வீல் பம்ப் ஓர் அங்குலமானால் அதன் பிஸ்டன் ஒவ்வொன்றும் ஷூவைச் சுமார் 267 கிலோ விசையுடன் தள்ளும். ‘சின்ன மாஸ்டர் பம்ப் போட்டால் இன்னும் பலம் கூடுமே’ என்று எனக்கும் தோன்றியது. கூடும்தான். ஆனால் அதே அளவு எண்ணெய்யைத் தள்ள மிதி அதிக தூரம் இறங்க வேண்டும். ஷூ கவ்வுமுன் மிதி தரையைத் தொட்டுவிடும். கிடைத்த பம்பை மாட்டிவிட்டுப் போகும் பட்டறைகள் தவறுவது இங்கேதான்.

வேறு சில ஆபத்துகளும் உண்டு. தள்ளுகம்பிக்கும் பிஸ்டனுக்கும் இடையே ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளி விடாவிட்டால் எண்ணெய் திரும்பும் சிறு துளை மூடியே இருக்கும். எண்ணெய் சூடாகி விரியும்போது பிரேக் தானாகவே இறுகும். கம்பிகளைக் கழற்றும் வேகத்தில் கைபிரேக்கும் போய்விடக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, கம்பி பிரேக்கில் ஒரு கம்பி அறுந்தால் மற்றவை ஓரளவாவது பிடிக்கும். ஒற்றைச் சுற்று ஹைட்ராலிக்கில் ஒரு குழாய் கசிந்தாலே நான்கு சக்கரமும் கைவிடும். ஆகவே முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிச் சுற்றுள்ள இரட்டை மாஸ்டர் பம்ப் இல்லாமல் மாற்றவே கூடாது என்பது என் கருத்து.

நாங்கள் முதலில் செய்தது மாற்றமே அன்று. மாமா தேய்ந்த ஊசிகளையும் புஷ்களையும் புதிதாகக் கடைந்து போட்டு, நான்கு சக்கரத்தையும் தூக்கி நிறுத்தி, கம்பிகளைச் சமப்படுத்தினார். காடி நேராக நின்றது! திருமணத்தன்று அக்கா கம்பி பிரேக்கிலேயே, மாட்டுவண்டி வேகத்தில் வந்து இறங்கினார். மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஆனாலும் நெடுஞ்சாலையில் ஓட்டுவதானால் மாற்றத்தான் வேண்டும் என்று இப்போது அவரே சொல்கிறார். ஊசிகள் மறுபடி தேயும் என்பது அவருக்கும் தெரியும். இரண்டு நிபந்தனைகள் போட்டிருக்கிறார்: சட்டத்தில் புதிதாக ஒரு துளையும் போடக் கூடாது, சாலைப் போக்குவரத்துத் துறையிடம் முதலில் கேட்க வேண்டும். நான் ஒன்று சேர்த்தேன். பிரேக் எண்ணெய் என்று சொன்னாலும் அது என்ஜின் எண்ணெய் போன்றதன்று. டாட் 3, டாட் 4 ரகங்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 குறைந்தது 205 பாகையில் கொதிக்கும். ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140 வரை இறங்கலாம். உள்ளே துருவும் பிடிக்கும். கடற்காற்று வீசும் எங்கள் ஊரில், மாதம் ஒருமுறை மட்டும் வெளியே வரும் காடிக்கு ஈராண்டுக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றியாக வேண்டும். கழற்றப்போகும் கம்பிகளைக் கிரீஸ் தடவிச் சாக்கில் சுற்றிவைக்க மாமா இப்போதே இடம் பார்த்துவிட்டார்.