உரைகள் முதன்முதல் அச்சேறிய நூல்கள்

சேலம் இராமசாமி முதலியார் என்னும் பெயரை நம் ஜில்லாவில் இன்று எத்தனை பேர் நினைக்கிறார்களோ அறியேன். ஆனால் 1880-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி, கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த அப்பெருமகனார், தம்மைக் காண வந்த காலேஜ் தமிழாசிரியர் சாமிநாதையரை நோக்கி, அந்தாதியும் பிள்ளைத்தமிழும் புராணமும் படித்தது இருக்கட்டும், இவற்றுக்கெல்லாம் முற்பட்ட பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டிராவிட்டால், சீவகசிந்தாமணி 1887-இல் நச்சினார்க்கினியர் உரையோடு முழுமையாக அச்சேறியிருக்குமா என்பது ஐயமே.

கேட்டதோடு நில்லாமல், முதலியார் தம்மிடமிருந்த கையெழுத்துப் பிரதியையும் கொடுத்து உதவினார். அதைப் படிக்கப் புகுந்த ஐயரை மூலத்தைக் காட்டிலும் உரையே திகைக்க வைத்தது. நச்சினார்க்கினியர் இன்ன நூல் என்று பெயர் சுட்டாமலே பக்கந்தோறும் மேற்கோள்களை எடுத்தாண்டிருந்தார். சமண சமயச் செய்திகளோ கல்லூரித் தமிழாசிரியர் ஒருவருக்கு அந்நாளில் எட்டாதவையாக இருந்தன. கும்பகோணத்திலிருந்த சமணர்களிடம் சென்று சமயப் பொருளைக் கேட்டறிந்தும், மேற்கோள்களின் பிறப்பிடத்தை ஏடுதோறும் துருவியும் அவர் உழைத்த உழைப்பே பத்துப்பாட்டுக்கும் (1889), அடியார்க்குநல்லார் உரையோடு கூடிய சிலப்பதிகாரத்துக்கும் (1892), புறநானூற்றுக்கும் (1894) வழி திறந்தது. ஓர் உரையைப் பொறுமையாகப் படித்ததன் பயனாக ஒரு மொழியின் பழைய இலக்கியமே மீண்டு வந்ததென்றால், அவ்வுரை முதன்முதல் அச்சேறிய புத்தகத்தைத் தேடிப் பாதுகாப்பதை வெறும் விநோதமென்று ஒதுக்குவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

1835-இல் அச்சுக்கூடங்கள் மீதிருந்த சட்டக் கட்டுப்பாடு நீங்கியபின், நம்மவர் தாமே அச்சகம் வைத்து ஏட்டுச்சுவடிகளைப் புத்தகமாக்கத் தொடங்கினார்கள். ஆறுமுக நாவலர் பரிமேலழகர் உரையோடு திருக்குறளை 1861-இல் வெளியிட்டார். சி. வை. தாமோதரம் பிள்ளை தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு 1868-இலும், பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு 1885-இலும், கலித்தொகையை 1887-இலும் கொண்டு வந்தார். தொட்டால் ஒடியும் நிலையில் தமக்குக் கிடைத்த ஏடுகளைப் பற்றி அவர் தம் பதிப்புரையில் எழுதியிருப்பதை மனம் கலங்காமல் படிக்க இயலாது.

இத்தகைய பதிப்பொன்று கைக்கு வந்தால் அவசரப்படாமல் பார்க்க வேண்டும். முகப்பிலே நூற்பெயர், உரையாசிரியர் பெயர், பரிசோதித்தவர் பெயர், அச்சுக்கூடம், பெரும்பாலும் பிரபவாதி வருஷப் பெயர் ஆகியன வரிசையாக நிற்கும். உள்ளே மூலம் பெரிய எழுத்திலும் உரை சிறிய எழுத்திலும் அமைந்திருக்கும்; பக்க எண்கள் பலவற்றில் தமிழ் எண்களே. முன்னே புலவர்கள் பாடிய சிறப்புப்பாயிரம், பின்னே பிழைதிருத்தம், அடிக்குறிப்பிலே பாடபேதம் என இவையெல்லாம் மறுபதிப்புகளில் ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ந்து போனதை நாம் கண்டிருக்கிறோம். பிரதியை வைத்துப் பாடங்கேட்ட மாணவர் எவரேனும் ஓரத்தில் மையால் எழுதிய குறிப்பு இருக்குமானால், ஆசிரியர் வாய்மொழியாகச் சொன்னதும் அழியாமல் நின்றுவிட்ட பாக்கியம் அது.

யூத சமூகத்தாரும் உரைகளை இவ்வாறே உயிர்போற் காத்தவர்கள். பிரான்ஸ் தேசத்தில் 11-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ராஷி என்னும் பேராசிரியர் வேதாகமத்தின் முதல் ஐந்து நூல்களுக்கு இயற்றிய உரையே, ஆண்டு குறிக்கப்பெற்று அச்சேறிய முதல் எபிரேய நூல். 1475-இல் இத்தாலியின் ரெஜ்ஜோ நகரில் அச்சான அப்பதிப்பு இன்று பார்மா நகர நூலகத்தில் காணக் கிடைக்கிறது. வெனிஸ் நகரத்துக் கிறிஸ்தவ அச்சகர் டானியேல் பாம்பெர்க் 1520-ஐ ஒட்டிய ஆண்டுகளில் யூத சமயச் சட்டத் தொகுப்பாகிய தால்முத் முழுவதையும் அச்சிட்டபோது, நடுவே மூலமும் ஒருபுறம் ராஷி உரையும் மறுபுறம் பிற்கால ஆசிரியர்களின் உரைக்குறிப்புகளும் அமைந்தன. அவர் வகுத்த பக்க எண் வரிசையையே இன்றளவும் உலகெங்குமுள்ள யூத மாணவர்கள் பின்பற்றுகிறார்கள். 1553-இல் ரோமாபுரியிலே தால்முத் பிரதிகள் குவித்து எரிக்கப்பட்டன. பின்னாளில், தணிக்கைக்கு அஞ்சிய பிராக் நகரத் தலைமை ரபி டேவிட் ஒப்பன்ஹைம் தாம் சேர்த்த ஆயிரக்கணக்கான நூல்களை ஹானோவரில் வைத்திருந்தார். அத்திரட்டை 1829-இல் ஆக்ஸ்போர்டு நூலகம் வாங்கிக்கொண்டது. பாம்பெர்க் அச்சிட்ட முழுத் தொகுதியொன்று 2015-ஆம் ஆண்டு ஏலத்தில் 93 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று.

நம் பக்கத்தில் நூல்களுக்குத் தீ வைத்தவர் அதிகமில்லை, அசிரத்தையே அழித்தது. ஆடிப்பெருக்கன்று ஏடுகளை ஆற்றில் விடும் வழக்கம் ஒருபுறம். இராமபாணப் பூச்சியும், தானாகவே பழுத்து நொறுங்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் காகிதமும், பாகப்பிரிவினைக்குப் பின் வீட்டைக் காலி செய்பவர்கள் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போடும் பழக்கமும் மறுபுறம். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்னும் தனி மனிதர் தம் ஆயுளைச் செலவிட்டுச் சேர்த்த புத்தகங்களும் இதழ்களும், 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையால் காப்பாற்றப்பட்டு, சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிலைபெற்றன. அப்படியொருவர் சேலம், நாமக்கல் சீமைக்கும் வாய்த்திருக்கலாகாதா என்று நான் ஏங்குவதுண்டு.

ஏனெனில் தேடத்தக்கவை இங்கே உண்டு. திருச்செங்கோட்டு அறிஞர் தி. அ. முத்துசாமிக் கோனார், கார்மேகக் கவிஞரின் கொங்குமண்டல சதகத்தைத் தம் உரைக்குறிப்போடு 1923-இல் பதிப்பித்தார். கொங்கு நாட்டுச் சரித்திரத்தை ஆராய்வோர் எவரும் அதைத் தாண்டிச் செல்ல இயலாது. ராசிபுரத்திலும் பரமத்தி வேலூரிலும் ஆத்தூரிலும் தமிழ் படித்த முன்னோர் இருந்த வீடுகளில், பரணையின் மேல் ஒரு தகரப் பெட்டி இன்னும் திறக்கப்படாமல் இருக்கக்கூடும்.

திறப்பவர்களுக்குச் சில வார்த்தை. கிழிந்த தாளுக்குச் செல்லோடேப் ஒட்டலாகாது. அதன் பசையே பிற்பாடு தாளைக் கெடுக்கும். பைண்டரிடம் கொடுத்து ஓரத்தை வெட்டச் சொல்லலாகாது. ஓரத்தோடு குறிப்புகளும் போய்விடும். வெயிலில் காய வைக்காமல் நிழலில் ஈரம் ஆற்றி, முகப்பையும் பதிப்புரையையும் படமெடுத்து, ரோஜா முத்தையா நூலகத்துக்கோ பெசன்ட் நகரிலுள்ள சாமிநாதையர் நூல்நிலையத்துக்கோ எழுதிக் கேட்கலாம். முகப்பு இழந்த பிரதியையும் எடைக்குப் போட வேண்டா. உரையின் முதற்பக்கங்களையும் கடைசிப் பக்கத்தையும் வேறு பிரதியோடு ஒப்பிட்டு, அச்சான ஆண்டையும் அச்சுக்கூடத்தையும் கண்டறிய வழியுண்டு.