ஷூவுக்கும் ஓய்வு வேண்டும்!



இந்த மலரில் நிலாவைப் பற்றி ஒருவர் எழுதியிருப்பார். நட்பைப் பற்றி நாலு பேர் எழுதியிருப்பார்கள். நான் எழுதப்போவது ஷூவைப் பற்றி. அதுவும் இரண்டு மணி நேரம் டான்ஸ் ரிகர்சல் முடித்துக் கழற்றிய ஷூவைப் பற்றி! மூக்கைப் பொத்திக்கொண்டாவது கடைசி வரை படித்துவிடுங்கள். பைசா அதிகம் செலவில்லாத சில வழிகளைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். ஷூ நாறுகிறது என்றால் அந்த ஆள் குளிக்காதவன் என்று முடிவு கட்டிவிடுகிறோம். அது தப்பு. நம் இரண்டு பாதங்களிலும் சேர்த்துச் சுமார் 2,50,000 வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. ஆடினால் வியர்க்கத்தான் செய்யும். ஆனால் புதிதாக வரும் வியர்வைக்கு வாடையே கிடையாது என்று சொல்லலாம். பின்னே நாற்றம் எங்கிருந்து வருகிறது?

நம் தோலில் எப்போதும் குடியிருக்கும் பாக்டீரியாக்களிடமிருந்து. ஸ்டெஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்று ஒன்று. பெயர் நம்ம செமஸ்டர் பேப்பர் மாதிரி இருந்தாலும் ஆள் சாதாரணமானவர். எல்லோர் தோலிலும் இருப்பவர். வியர்வையில் லூசின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அதைத் தின்றுவிட்டு இவர் வெளியே விடுவது ஐசோவலெரிக் அமிலம். அந்த அமிலத்தின் ஆவிதான் நம் மூக்கைத் தாக்குகிறது. கூட்டாளியாக பிரெவிபாக்டீரியம் என்று இன்னொரு வகை. லிம்பர்கர் என்ற ஐரோப்பியப் பாலாடைக்கட்டிக்கு வாடை தருவதும் இதே இனம்தான். மலேரியாவைப் பரப்பும் ஒரு வகை ஆப்பிரிக்கப் பெண் கொசு, மனிதப் பாதத்தின் வாடைக்கும் லிம்பர்கரின் வாடைக்கும் ஒரே மாதிரி மயங்குகிறது என்று காட்டியவர்களுக்கு 2006-ல் 'இக் நோபல்' பரிசு கொடுத்தார்கள். சிரிக்க வைத்து, பிறகு சிந்திக்க வைக்கும் ஆராய்ச்சிகளுக்கான பரிசு அது.

ஆக, வில்லனுக்கு வேண்டியது மூன்று: ஈரம், வெதுவெதுப்பு, காற்றோட்டம் இல்லாத இடம். லேஸ் இறுக்கிக் கட்டிய ஷூவுக்குள் மூன்றும் இலவசம். இதில் நம்மால் சுலபமாகப் பிடுங்கக்கூடியது ஈரம்தான்.

ஒரு ஜூனியரின் கதை

இதை நான் தெரிந்துகொள்ளக் காரணம் எங்கள் வெஸ்டர்ன் குரூப் டான்ஸில் இருந்த ஒரு முதலாண்டு மாணவன். நல்ல டான்ஸர். ஒருமுறை ஸ்டெப்ஸ் காட்டினால் போதும், பிடித்துக்கொள்வான். ஆனால் அவன் ஷூவைக் கழற்றினால் ரிகர்சல் ஹாலில் ஜன்னல் திறப்பார்கள். 'கருவாடு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவனும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். பிறகு ஷூவை வாசலிலேயே விட்டுவிட்டு, சொரசொரப்பான சிமென்ட் தரையில் வெறுங்காலோடு ஆட ஆரம்பித்தான். குதிகாலில் வெடிப்பு வந்து ரத்தம் கசிந்தது. ஐப்பசி மழை ஆரம்பித்த வாரம் ரிகர்சலுக்கே வரவில்லை.

ஹாஸ்டல் ரூமுக்குப் போய்க் கேட்டேன். "எங்கிட்ட இருக்கிறது ஒரே ஷூதான் அண்ணா. காலையில ஒர்க்‌ஷாப்புக்குப் போடறதும் அதுதான், சாயங்காலம் ஆடறதும் அதுதான். சாக்ஸ் ரெண்டு ஜோடி. மழையில ஒண்ணும் காயல" என்றான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை எட்டரைக்கு மாட்டிய தோல் ஷூ. ஸ்மித்தியில் உலைக்கு முன்னால் மூன்று மணி நேரம். சாயங்காலம் அதிலேயே ரிகர்சல். கழற்றும்போது இரவு ஏழரை. பதினோரு மணி நேர வியர்வை, மறுநாள் காலைக்குள் காயுமா? மோட்டாரையே ஓய்வில்லாமல் இரண்டு ஷிஃப்ட் ஓட்டினால் காயில் சூடாகிவிடும். ஷூவை மட்டும் ஓட்டலாமா? குறை அவனிடம் இல்லை. ஷூவுக்கு லீவு இல்லாததுதான் குறை. நனைந்த ஷூ நன்றாகக் காய ஒரு முழு நாளாவது வேண்டும்.

இறுதியாண்டு அண்ணன் ஒருவர் தன் பழைய கேன்வாஸ் ஷூவைக் கொடுத்தார். சோப்புப் போட்டுத் துவைத்து, நன்றாகக் காயவைத்து, உள்ளே புது அட்டை போட்டுக் கொடுத்தோம். (அடுத்தவர் ஷூவை அப்படியே மாட்டாதீர்கள், காளான் தொற்று ஒட்டிக்கொள்ளும்.) ஒர்க்‌ஷாப் ஷூ நாலரை மணிக்கே ஓய்வுக்குப் போனது. அதற்கும் வைத்தியம் செய்தோம். இரண்டு வாரத்தில் ஜன்னல் திறக்கும் வேலை நின்றது. ஆண்டு விழாவில் முன்வரிசையில் ஆடியவன் அவன்தான்.

வீட்டு வைத்தியங்கள்

1. செய்தித்தாள்: கழற்றியதும் லேஸை முழுவதும் தளர்த்தி, நாக்கை வெளியே இழுத்து, உள் அட்டை கழன்று வருமானால் அதையும் எடுத்துவிடுங்கள். பழைய பேப்பரைக் கசக்கி உள்ளே திணியுங்கள். ஒரு மணி நேரம் கழித்து ஈரப் பேப்பரை எடுத்துவிட்டு வேறு வையுங்கள். பிறகு ஃபேன் காற்று. மற்ற வைத்தியமெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

2. ஆப்ப சோடா: மளிகைக் கடையில் கிடைக்கும் சோடியம் பைகார்பனேட். முதலாண்டு கெமிஸ்ட்ரியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பு. நாறும் அமிலம், ஆவியாகாத உப்பாக மாறிவிட்டால் மூக்குக்கு எட்டாது. கேன்வாஸ் ஷூவில் ஆளுக்கு இரண்டு டீஸ்பூன் இரவில் தூவி, காலையில் தட்டிவிடுங்கள். தோல் ஷூவில் அடிக்கடி தூவினால் தோல் வறண்டுவிடும். அதனால் பழைய சாக்ஸில் கட்டி மூட்டையாக வையுங்கள்.

3. வினிகர்: பாதி வினிகர், பாதி தண்ணீர். துணியில் நனைத்துப் பிழிந்து கேன்வாஸ் ஷூவின் உட்புறம் துடைத்துக் காயவையுங்கள். அமிலச் சூழலில் அந்தப் பாக்டீரியாக்கள் செழிப்பதில்லை. வினிகர் வாடை காய்ந்ததும் போய்விடும். ஆனால் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகப் போடாதீர்கள். பொங்கும், பார்க்க அழகாக இருக்கும், பலன் இருக்காது. ஒன்றை ஒன்று முறித்துவிடும். பிளீச்சிங் பவுடரோடு வினிகரைக் கலக்கவே கூடாது. குளோரின் வாயு வரும். இது விளையாட்டில்லை.

4. அடுப்புக்கரி: இஸ்திரிக் கடையில் நாலு துண்டு கேளுங்கள். கரியின் நுண்ணிய துளைகளில் வாடை மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்ளும். கடைகளில் விற்கும் ஆக்டிவேடட் கார்பன் அளவுக்கு வராது, ஆனால் ஓரளவு வேலை செய்யும். துணியில் இரண்டு மடிப்பாகக் கட்டி வையுங்கள். இல்லாவிட்டால் வெள்ளை சாக்ஸ் கருப்பு சாக்ஸ் ஆகிவிடும்.

5. டீத்தூள் தண்ணீர்: இது ஷூவுக்கு அல்ல, பாதத்துக்கு. இரண்டு டீஸ்பூன் டீத்தூளை அரை லிட்டர் தண்ணீரில் கால் மணி நேரம் கொதிக்கவைத்து, வடிகட்டி, இரண்டு லிட்டர் பச்சைத் தண்ணீர் சேர்த்து, அரை மணி நேரம் காலை வையுங்கள். ஒரு வாரம் தினமும். டீயில் உள்ள டானின் தோலை இறுக்கி வியர்வையைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். காலில் புண், வெடிப்பு இருந்தால் வேண்டாம்.

6. வெயில்: கேன்வாஸுக்கு நல்ல மருந்து. தோல் ஷூவையும், சொல்யூஷன் போட்டு ஒட்டிய சோலையும் உச்சி வெயிலில் போட்டால் தோல் வெடிக்கும், சோல் வாயைப் பிளக்கும். இளவெயிலோ நிழல் காற்றோ போதும்.

சாக்ஸைத் தினமும் உள்புறம் வெளியே திருப்பித் துவையுங்கள். குளித்தபின் விரல் இடுக்குகளைத் துடைத்து உலர்த்துங்கள். விரல் இடுக்கில் அரிப்பு, தோல் உரிதல், உள்ளங்காலில் குட்டிக் குட்டிப் பள்ளங்கள் தெரிந்தால் சோடா, டீத்தூள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

செய்யக்கூடாதவை

ஈர ஷூவுக்குள் பவுடரைக் கொட்டினால் சேறுதான் மிச்சம். சென்ட் அடித்தால் மல்லிகைப்பூ வாசனையில் கருவாடு! நாஃப்தலின் உருண்டையைப் போட்டு ஷூவை மாட்டுவது ஆபத்து. அதன் ஆவி உடம்புக்கு ஆகாது. சிலருக்கு ரத்தச் சிவப்பணுக்களையே சிதைத்துவிடும். ஃப்ரீசரில் வைத்தாலும் பாக்டீரியா பெரும்பாலும் சாகாது, தூங்கும். வெளியே எடுத்ததும் எழுந்து உட்காரும்.

"நாங்க பரதநாட்டியம், வெறுங்கால்தான், எங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை" என்று சகோதரிகள் சிரிக்க வேண்டாம்! சலங்கை கோர்த்த தோல் பட்டையும் வியர்வையைக் குடிக்கும். ஆடி முடித்ததும் பையில் திணிக்காமல், உலர்ந்த துணியால் துடைத்து நிழலில் தொங்கவிடுங்கள்.

மாணவர் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள்

ரிகர்சல் ஹால் வராந்தாவில், மழைச் சாரல் படாத இடத்தில், ஷூ காயவைக்க ஒரு மரத் தட்டு வேண்டும். பலகையும் ஆணியும் கொடுத்தால் கார்பென்ட்ரி ஷாப்பில் நாமே அடித்துவிடலாம். பக்கத்தில் பழைய பேப்பர் ஒரு கட்டு, ஆப்ப சோடா ஒரு டப்பா. படிப்பு முடித்துப் போகும் அண்ணன்களும் அக்காக்களும் தங்கள் கேன்வாஸ் ஷூக்களைத் துவைத்து அந்தத் தட்டில் வைத்துவிட்டுப் போகட்டும். ஒரே ஷூவோடு நம் கல்லூரிக்குள் நுழையும் ஒவ்வொரு தம்பிக்கும் தங்கைக்கும் இரண்டாவது ஜோடி அங்கே காத்திருக்க வேண்டும்.

யாருக்காவது பட்டப்பெயர் வைக்க நாக்கு துடித்தால், அதற்கு முன் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "உன்கிட்ட எத்தனை ஜோடி ஷூ இருக்கு?"

— இறுதியாண்டு, மெக்கானிக்கல்