பெர்லினும் கரடியும்

பெர்லின் நகரத்தின் முத்திரையில் ஒரு கரடி நிமிர்ந்து நிற்கிறது. ஜெர்மன் பாஷையில் கரடிக்குப் 'பேர்' என்று பெயர். ஊரின் பெயரும் அதிலிருந்தே பிறந்தது என்று நெடுங்காலம் நம்பிவந்தார்கள். பாஷை நூல் வல்லாரோ கரடியைச் சற்று ஒதுங்கி நிற்கச் சொல்லுகிறார்கள். 'பெர்ல்' என்பது சதுப்பு நிலத்தைக் குறித்த பழைய ஸ்லாவியச் சொல்.

ஜெர்மானியரின் தலைநகருக்கு ஸ்லாவியப் பெயர் வருவானேன்? கி. பி. 6, 7-ம் நூற்றாண்டுகளில் ஸ்லாவியர் மேற்கு நோக்கிப் பெயர்ந்து, எல்பா நதிவரையில் குடியேறினர். 12-ம் நூற்றாண்டில் ஜெர்மானியக் குடியானவர்கள் அங்கே பெருவாரியாக வந்து சேர்ந்தார்கள். நாளடைவில் அப்பிரதேசத்தின் பேச்சு மாறிற்று. ஊர்ப் பெயர்கள் நிலைத்தன. டிரெஸ்டன் என்றால் ஆற்றோரச் சதுப்புக் காட்டில் வசிப்போர். ராஸ்டாக் என்றால் ஆறு பிரிந்து அகலும் இடம். கெம்னிட்ஸ் என்றால் கல்லாறு. குடியேறியவன் கண்ணில் முதலில் பட்டது எது என்பதை இப்பெயர்கள் சொல்லிவிடுகின்றன. அவனோ தன் பாஷையில் ஒரு வரியும் எழுதிவைத்தவன் அல்லன்.

பெயர்கள் பொருளை மட்டுமா காத்தன? ஒலியையும் காத்தன. கோட்டை சூழ்ந்த ஊருக்கு ஸ்லாவியரின் மூலபாஷையில் இருந்த ஒரே சொல், ருஷ்யாவில் 'கோரொத்' என்றும், ஸெர்பியாவில் 'கிராத்' என்றும், செக் நாட்டில் 'ஹ்ராத்' என்றும் திரிந்தது. ஆகவே ருஷ்யாவின் பெல்கோரொத்தும் ஸெர்பியாவின் பெல்கிரேடும் பொருளில் ஒன்றே: வெண்கோட்டை. பால்டிக் கடலோரத்தில் மூன்றாவது வெண்கோட்டை ஒன்று உண்டு. இன்று போலந்தில் இருக்கும் அவ்வூர் பியாவோகார்த். போலிஷ் பாஷைப்படி அது 'குருத்' என்றல்லவா முடியவேண்டும்? அந்தக் 'கார்த்', கடலோர ஸ்லாவியரின் பழைய உச்சரிப்பு. இலக்கணம் எழுத ஆளில்லாமற்போன ஒரு பேச்சுக்கு ஊர்ப் பெயரே இலக்கணமாயிற்று.

இந்தச் சாட்சியத்தை நாஜிகள் நன்றாக உணர்ந்திருந்தார்கள். ஸ்லாவியரின் ஒரு கிளையினரான ஸோர்பியர் ஜெர்மனியின் லுஸாத்தியாவில் இன்றும் தம் பாஷையைப் பேசி வாழ்கிறார்கள். அங்கே வெண்குன்று என்று பொருள்படும் பீலெகூரே கிராமத்துக்கு 1937-ல் 'கேரோபுர்க்' என்று புதுப் பெயர் சூட்டினார்கள். கேரோ யார்? ஸ்லாவியரை அடக்கிய 10-ம் நூற்றாண்டு எல்லைத் தளபதி. சுமார் 30 ஸ்லாவியத் தலைவர்களை விருந்தில் மதுமயக்கத்தில் கொன்றவன் என்று, அவனை மெச்சிய விடுகிண்ட் துறவியே எழுதியிருக்கிறார். கொன்றவன் பெயரைக் கொல்லப்பட்டவர் சந்ததியின் ஊருக்கு வைப்பது என்ன ரசனையோ!

யுத்தத்தில் நாஜிகள் வீழ்ந்தபின் பீலெகூரே தன் பெயரைத் திரும்பப் பெற்றது. எல்லா ஊருக்கும் அந்தப் பாக்கியம் இல்லை. ஸ்லாவியரை ஜெர்மானியர் 'வெண்டுகள்' என்பார்கள். அச்சொல் இருந்த குற்றத்துக்காக வெண்டிஷ் புக்ஹோல்ஸ் என்ற சிற்றூரும் அதே 1937-ல் மேர்க்கிஷ் புக்ஹோல்ஸ் ஆயிற்று. இன்றும் அதன் பெயர் அதுதான். லுஸாத்தியாவின் கோட்பஸ் நகரத்திலோ, ரயில் நிலையப் பலகையில் ஜெர்மன் பெயரோடு ஸோர்பியப் பெயரும் எழுதியிருக்கிறது.