மல்லாந்து கிடக்கும் கரப்பான்

டீயை ஆற்றிக் கொடுத்துக்கொண்டே பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்: "காலையில சமையல்கட்டுக்குப் போனா கரப்பான் செத்துக் கிடக்குது. எல்லாமே மல்லாக்கத்தான். ஒண்ணுகூடக் குப்புறக் கிடக்க மாட்டேங்குது. ஏன் தம்பி?"

பதிலை அதன் காலிலிருந்து தொடங்கினேன். ஓடும் பேருந்தில் கம்பியைப் பிடிக்காமல் நிற்கிறவர் காலை அகட்டி வைத்துக்கொள்வார் இல்லையா? கரப்பான் ஆறு கால்களையும் பரப்பி நிற்பது அப்படித்தான். அதற்குத் தசையும் நரம்பும் ஓயாமல் வேலை செய்ய வேண்டும். உயிர் அடங்கும்போது அந்தக் கட்டுப்பாடு தளர்ந்து, கால்கள் உள்பக்கமாக மடங்குகின்றன. அகன்ற தாங்கல் போனதும் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து, கடைசியில் முதுகில் போய் நிற்கிறது.

சிலந்தியும் செத்தால் காலைச் சுருட்டிக்கொள்ளும். அது பூச்சி இனமே அல்ல, காரணமும் வேறு. அதன் கால்களில் முக்கியமான மூட்டுகளை நீட்டத் தசை கிடையாது. உடம்புக்குள் இருக்கும் திரவத்தின் அழுத்தம்தான் நீட்டுகிறது. அழுத்தம் அடங்கினால் மடக்கும் தசை மட்டும் மிஞ்சும்.

முந்தின இரவு அக்கா மருந்து அடித்திருந்தார். வீட்டில் அடிக்கும் பல ஸ்பிரேக்களில் இருப்பது பைரெத்ராய்டு. சாமந்திக்கு உறவான ஒரு பூவிலிருந்து எடுத்த நஞ்சைப் பார்த்துச் செயற்கையாகச் செய்தது அது. நரம்பில் சோடியம் நுழையும் வாயில் திறந்து மூட வேண்டும்; இந்த மருந்து அதைச் சரியாக மூட விடாது. நரம்பு திரும்பத் திரும்பத் துடிக்கும், கால்கள் வெட்டி வெட்டி இழுக்கும். அந்த உதறலிலேயே பூச்சி புரண்டுவிடுகிறது.

"சரி, புரண்டா எழுந்திருக்க வேண்டியதுதானே?" என்றார் அக்கா. இந்த இடம்தான் முக்கியம். நல்ல உடம்போடு இருக்கும் கரப்பான் எழுந்துவிடும். இறக்கையை விரித்துத் தரையை உந்தும், காலை வீசி எதையாவது பற்றும். காட்டில் சருகும் குச்சியும் புல்லும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். நம் டைல்ஸ் தரையில் பற்றுவதற்கு என்ன இருக்கிறது? மருந்து குடித்த உடம்பில் உந்தித் தள்ளவும் வலு இல்லை. கிடந்தபடியே காய்ந்துபோகிறது, அல்லது எறும்பு வந்துவிடுகிறது. செத்த பிறகு மல்லாந்ததாக நாம் நினைப்பவற்றில் பல, மல்லாந்ததால் செத்தவை. பிடிமானமே வேண்டாத பூச்சியும் உண்டு. நெஞ்சுக்கு அடியில் ஒரு முளையும் அது பொருந்தும் குழியும் கொண்ட ஒரு வண்டு, மல்லாக்கப் போட்டால் 'டிக்' என்ற சத்தத்தோடு மேலே எம்பும். எனக்கு அதைப் பார்க்க அலுப்பதே இல்லை.

அக்கா சொன்ன "எல்லாமே" முழுக்கச் சரியல்ல. குப்புறச் செத்தவையும் உண்டு. உயிரோடு இருப்பதைப் போலவே தெரிவதால் அவை மனதில் பதிவதில்லை. தோட்டத்தில் சாகிறவற்றை நாம் பார்ப்பதற்குள் எறும்பும் குருவியும் கொண்டுபோய்விடும்.

மழைக்காலத்தில் விளக்கைத் தேடி வந்து, திண்ணையில் மல்லாந்து காலை உதறிக்கொண்டிருக்கும் வண்டைப் பார்த்தால் செத்துவிடும் என்று பெருக்கித் தள்ளிவிடாதீர்கள். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி அதன் காலருகே நீட்டுங்கள். பற்றிக்கொண்டு எழுந்துவிடும்.