உறங்காத வரைவியல் அட்டை: மின்வெட்டும் மடிக்கணினியும் குறித்து ஒரு விளக்கம்

பேராதனையிலிருந்து நுவரெலியா, வெலிமடை வழியாக வரும் வீதியும், பெரகலையிலிருந்து பண்டாரவளை வழியாக வரும் வீதியும் ஹாலிஎலயிற் கூடுகின்றன. அதனைச் சூழவுள்ள தேயிலைத் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த மாணவர் ஒருவர் அண்மையில் எம்மிடம் ஒரு முறைப்பாட்டுடன் வந்தார். அவரிடமிருந்தது விளையாட்டுக்கென வடிவமைக்கப்பட்ட மடிக்கணினி. உறவினர் ஒருவர் பாவித்துக் கொடுத்தது. ஆய்வேட்டைத் தட்டச்சுச் செய்வதன்றி வேறெதுவும் செய்யாதபோதும், மின்னிணைப்பைக் கழற்றி இரண்டு மணித்தியாலத்துள் அது அணைந்துவிடுகிறது. மின்கலத்தை மாற்றவேண்டுமெனக் கடைக்காரர் ஒருவர் கூறியிருந்தார். மின்கலத்தின் விலையோ தோட்டத் தொழிலாளர் குடும்பமொன்றின் பல நாட் சம்பளம். உண்மையிற் குறை மின்கலத்தில் மட்டும் இருக்கவில்லை. அது எங்கிருந்தது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இலக்கிய ஆய்வாளருக்கு இதில் என்ன அலுவல் எனக் கேட்பாருளர். எமது மாணவரின் ஆய்வேடு எந்தப் பொறியில் எழுதப்படுகிறதோ, அப்பொறியின் பௌதிக நிலைமைகள் எமக்குப் புறம்பானவையல்ல.

மின்கலம் தாக்குப்பிடிக்கும் நேரம் இந்நாட்டில் வசதி பற்றிய வினா மாத்திரமன்று. 2022 மார்ச் 31இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டை நாம் கண்டோம். 2025 பெப்ரவரி 9இல் நாடு முழுவதும் ஒரே வேளையில் இருண்டது. அவ்வாண்டு நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் பதுளை மாவட்டத்தை மண்சரிவுகளாற் சிதைத்தபோது, மின்சாரமின்றியிருந்த ஊர்கள் பல. இதற்கு நீண்ட முன்வரலாறும் உண்டு. மலையகத் தேயிலைத் தொழிற்சாலைகள் பல, நாட்டின் மின்வலையமைப்பு வந்து சேருமுன்னரே மலையருவிகளைக்கொண்டு சிறு நீர்மின் பொறிகளை இயக்கிக் கொழுந்தை வாட்டவும் அரைக்கவும் செய்தன. அதே தோட்டத்து லயன்களில் எரிந்தது மண்ணெண்ணெய் விளக்கே. லயன்களுக்கு மின்சாரம் பரவலாக வந்தது இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டுகளிலும் அதன் பின்னருமே. ஆகவே, கையிலிருக்கும் மின்சாரம் எதற்காகச் செலவாகிறது என்ற வினா இங்கு புதியதன்று.

இனிப் பொறியை நோக்குவோம். விளையாட்டு மடிக்கணினிகளிற் பெரும்பாலானவற்றில் வரைவியல் வேலைக்கு இரு உறுப்புகள் உள. ஒன்று, மையச் செயலியுடன் இணைந்தே அமைந்த சிறிய வரைவியற் பகுதி; எழுதுவதற்கும் வாசிப்பதற்கும் படம் பார்ப்பதற்கும் அது போதும். மற்றது, கிராபிக்ஸ் காட் என நாம் வழங்கும் தனி வரைவியல் அட்டை. விளையாட்டு, காணொளித் தொகுப்பு முதலிய பாரமான வேலைகளுக்குரியது. 2010இல் என்விடியா நிறுவனம் 'ஆப்டிமஸ்' என்னும் ஏற்பாட்டை அறிமுகஞ்செய்தது. அதன்படி திரை சிறிய பகுதியுடனேயே இணைந்திருக்கும். தேவை எழும்போது மட்டும் அட்டை விழித்து, படத்தை உருவாக்கி, சிறிய பகுதியின் நினைவகத்திற் சேர்ப்பிக்கும்; வேலை முடிந்ததும் மீள உறங்கும். ஏஎம்டி அட்டைகளிலும் இதையொத்த ஏற்பாடு உண்டு.

இடர்ப்பாடு இந்த உறக்கத்திலேயே உள்ளது. அட்டை கடினமாக உழைக்கவேண்டும் என்பதில்லை. பின்னணியில் ஏதோவொரு மென்பொருள் அதனைத் தொட்டுக்கொண்டிருந்தாலே போதும். அது முற்றாக அணையாது விழித்தே கிடக்கும். அவ்வாறு கிடக்கும் அட்டை பொதுவாக 5 முதல் 15 வாட் வரை உண்ணும். எளிய கணக்கொன்றைப் போட்டுப் பார்க்கலாம். 60 வாட்மணி கொள்ளும் மின்கலமுடைய கணினி, எழுத்து வேலையில் 10 வாட் செலவிடுமாயின் ஆறு மணித்தியாலம் நிற்கும். விழித்திருக்கும் அட்டை இன்னொரு 10 வாட் எடுக்குமாயின் மூன்று மணித்தியாலமே. மின்கலம் பழையதாகி 40 வாட்மணிக்குச் சுருங்கியிருப்பின் இரண்டு. எமது மாணவரின் நிலை இதுவே. அட்டையை உறங்கச் செய்தால் அதே பழைய மின்கலம் நான்கு மணித்தியாலம் நிற்கவேண்டும்.

அட்டையைத் தொடுவது யார்? என்விடியா கட்டுப்பாட்டுப் பலகையின் 'டெஸ்க்டொப்' பட்டியலில், அட்டையின் செயற்பாட்டைக் காட்டும் சிறு குறியைத் திரையின் அடியில் வைக்குமாறு கேட்கும் வசதி உண்டு. அக்குறியை அழுத்தினால் அட்டையைப் பிடித்திருக்கும் மென்பொருள்களின் பெயர்கள் வரும். விண்டோஸின் 'டாஸ்க் மனேஜர்' பட்டியலிலும் ஜிபியு என்ஜின் என்ற நிரலைச் சேர்க்கலாம். பெரும்பாலும் சுழியம் என எண்ணிடப்பட்டது சிறிய பகுதி, ஒன்று என எண்ணிடப்பட்டது தனி அட்டை. வெப்பத்தையும் வேகத்தையும் நொடிதோறும் அளந்து காட்டும் கண்காணிப்புக் கருவிகளை நம்பி இருந்துவிடக்கூடாது. அளப்பதற்காக அவை அட்டையை வினவுகின்றன. வினவப்பட்ட அட்டை விழிக்கிறது. (வெளியாள் வந்து அமர்ந்ததும் லயத்துப் பேச்சு மாறிவிடுவதைக் களஆய்வு செய்தோர் அறிவர்.)

எமது மாணவரின் கணினியில் மூன்று குற்றவாளிகள் அகப்பட்டன: அசையும் பின்புலப் படத்தைத் தரும் மென்பொருள், இணைய உலாவி, விசைப்பலகையின் வண்ண விளக்குகளையும் விசிறிகளையும் ஆளும் உற்பத்தியாளரின் மென்பொருள். முதலாவதை நீக்கினோம். உலாவியை விண்டோஸ் அமைப்புகளில் சிஸ்டம், டிஸ்பிளே, கிராபிக்ஸ் என்ற வழியே சென்று 'பவர் சேவிங்' என்ற தெரிவுக்கு மாற்றினோம். அதன்பின் அது சிறிய பகுதியையே பாவிக்கும். மூன்றாவதைத் தொடக்கத்திலேயே தானாக எழாதவாறு தடுத்தோம். கட்டுப்பாட்டுப் பலகையில் மின்வலு முகாமை எல்லா மென்பொருள்களுக்கும் உச்சச் செயற்றிறன் என வைக்கப்பட்டிருந்தது. அதனை இயல்பு நிலைக்குக் கொணர்ந்தோம்.

அம்மூன்றாவது மென்பொருள் சற்றுச் சிந்தனைக்குரியது. 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதற்றொகுதி, பண்டத்தின் பயன்பெறுமதியையும் பரிவர்த்தனைப் பெறுமதியையும் பிரித்துக் காட்டியே தொடங்குகிறது. கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒளிரும் வண்ண விளக்கு பண்டத்தை விற்பதற்கு உதவுகிறது. இருட்டறையில் எழுதுபவருக்கு அது செலவு. பொறியை வடிவமைத்தோர் மனக்கண்ணில் இருந்த பாவனையாளர், சுவரிலே மின்சாரம் எந்நேரமும் இருக்கும் வீட்டினர் என்பதையும் இவ்வமைப்புகள் காட்டிக்கொடுக்கின்றன. உற்பத்தியாளர் வேண்டுமென்றே தீங்கு செய்தனர் என நாம் கூறவில்லை. இயல்பாக அமைந்த தெரிவுகளிலும் வர்க்கச் சார்பு உண்டு என்பதே எமது கருத்து.

சில எச்சரிக்கைகள் அவசியம். 'டிவைஸ் மனேஜர்' சென்று அட்டையை முடக்கிவிடுமாறு சிலர் அறிவுரை கூறுவர். அட்டையை உறங்கவைப்பதே அதன் இயக்கி மென்பொருள்தான். அதனை அகற்றிவிட்டால் அட்டை பயனின்றி விழித்தபடியே கிடக்கக்கூடும். மாறாக, சில கணினிகளில் 'ஈகோ' என்றோ வேறு பெயரிலோ அட்டையின் மின்னிணைப்பையே துண்டிக்கும் தெரிவு உண்டு. இருப்பின் அதுவே சிறந்தது. 'மக்ஸ்' எனப்படும் ஆளி உள்ள கணினிகளில், தனி அட்டை நேரே திரையுடன் இணைக்கப்பட்டிருந்தால் அது ஒருபோதும் உறங்காது. 'ஹைபிரிட்' நிலைக்கு மாற்றி, கணினியை மீளத் தொடக்கவேண்டும். திரை நொடிக்கு 144 தடவை புதுப்பிக்கப்படுமாயின் அதனை 60 ஆகக் குறைப்பதும் சிறிது மிச்சம் தரும்.

விரிவுரை மண்டபத்து ஒளிவீச்சுப் பொறியையோ வெளித்திரையையோ இணைக்கும்போதும் கவனம் வேண்டும். பல விளையாட்டுக் கணினிகளில் எச்டிஎம்ஐ துவாரம் தனி அட்டையுடனேயே நேரடியாகப் பிணைக்கப்பட்டிருக்கிறது. வடத்தைச் செருகியவுடன் அட்டை எழுந்துவிடும், எந்த அமைப்பும் அதனைத் தடுக்காது. அவ்வேளை மின்னேற்றியைக் கையோடு கொண்டு செல்வதன்றி வேறு வழியில்லை.

மாற்றங்களின் பின் எமது மாணவரின் கணினி மூன்றரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலாக நின்றது. கணக்குக் கூறிய நான்கை அது எட்டவில்லை. மின்கலம் பழையது என்பதும் மெய்தானே. இரு மாதங்களின் பின் இயக்கி மென்பொருள் புதுப்பிக்கப்பட்டபோது, மின்வலுத் தெரிவு பழையபடி மாறியிருந்ததை அவரே கண்டுபிடித்துத் திருத்தினார். புதுப்பித்தல் ஒவ்வொன்றின் பின்னரும் அந்தச் சிறு குறியை ஒருமுறை அழுத்திப் பார்ப்பது நன்று.