பத்து நாள் சாறு குடித்தால் பத்து வயது குறையுமா?

"அக்கா, உங்க மிக்ஸியைக் கொஞ்சம் தரீங்களா? எங்களுது ரிப்பேர்."

காலை ஏழு மணிக்கு எதிர் வீட்டுப் பெண் வாசலில் நின்றாள். இடுப்பில் ஏழு மாதக் குழந்தை. கையில் பை நிறையப் பசலைக் கீரை, வெள்ளரிக்காய், சுரைக்காய், எலுமிச்சம்பழம்.

"இவ்வளவும் எதுக்கும்மா?"

"டீடாக்ஸ் அக்கா! பத்து நாள் சாப்பாடே கிடையாது, வெறும் ஜூஸ்தான். உடம்புல இருக்கற நச்செல்லாம் வெளியே போயி, பத்து வயசு குறைஞ்ச மாதிரி ஆயிடுமாம். போன்ல ஒருத்தர் சொல்றார்."

அவளுக்கு வயது 28. பத்து குறைந்தால் 18! எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்ததும் சிரிப்பு நின்று போயிற்று. இன்னும் தாய்ப்பால் குடிக்கிற குழந்தை அது.

"மிக்ஸி தரேன். முதல்ல உள்ளே வந்து உட்காரு" என்றேன். அன்று அவளிடம் சொன்னதைத்தான் இப்போது உங்களிடமும் சொல்கிறேன்.

நச்சை யார் வெளியேற்றுகிறார்கள்?

நம் உடம்பில் ஏற்கெனவே இரண்டு வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். ஒருவர் கல்லீரல், மற்றவர் சிறுநீரகம். வேண்டாத பொருள்களைக் கல்லீரல் மாற்றிக் கரையச் செய்கிறது. சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, வேண்டியதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டு, ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியே அனுப்புகின்றன. இவர்கள் சம்பளம் கேட்பதில்லை. தீபாவளிக்கு லீவு போடுவதுமில்லை!

"டீடாக்ஸ்" என்று பெயர் போட்டு விற்கிறவர்கள், எந்த நச்சு, எவ்வளவு வெளியேறுகிறது என்று சொல்கிறார்களா? 2009-ல் பிரிட்டனில் சில இளம் விஞ்ஞானிகள் இதே கேள்வியை 15 பொருள்களின் தயாரிப்பாளர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். "டீடாக்ஸ்" என்றால் என்ன என்பதற்கே ஆளுக்கொரு விளக்கம் வந்ததாம்! 2015-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் இருவர் இது பற்றிய ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். கடையில் விற்கும் டீடாக்ஸ் உணவுமுறைகளை மனிதர்களிடம் முறையாக ஒப்பிட்டுச் சோதித்த ஆய்வு ஒன்றுகூட அவர்கள் கண்ணில் படவில்லை.

எங்கிருந்து வந்தது?

1940-களில் அமெரிக்காவில் ஸ்டான்லி பரோஸ் என்பவர் ஒரு முறையைக் கிளப்பிவிட்டார். எலுமிச்சைச் சாறு, மேப்பிள் மரத்துப் பாகு, மிளகாய்த் தூள், தண்ணீர். பத்து நாளைக்கு இதுதான் ஆகாரம். 1976-ல் அதைப் புத்தகமாகவும் போட்டார். அவர் டாக்டர் அல்ல. பாடகி பியான்சே 2006-ல் ஒரு படத்துக்காக இதைக் கடைப்பிடித்து இளைத்தார் என்றதும் ஊரெல்லாம் பரவிவிட்டது.

நம் வீடுகளில் மட்டும் என்ன? அந்தக் காலத்தில் பாட்டிமார்கள் விளக்கெண்ணெயைக் கையில் எடுத்தால் குழந்தைகள் கொல்லைப்புறம் ஓடி ஒளிவார்கள். ஆனால் அந்தப் பாட்டிகூட அன்றைக்கே மிளகு ரசமும் குழைந்த சாதமும் போட்டுவிடுவாள். பத்து நாள் பட்டினி போட்டதில்லை.

எடை குறைகிறதே, அக்கா?

குறையத்தான் குறையும். சாப்பிடாதபோது கல்லீரலிலும் தசையிலும் சேமித்த மாவுச்சத்து முதலில் செலவாகும். அதோடு சேர்ந்திருக்கும் தண்ணீரும் போய்விடும். இரண்டு மூன்று கிலோ சட்டென்று இறங்குவது பெரும்பாலும் இதனால்தான். பழையபடி சாப்பிட ஆரம்பித்ததும் அது திரும்பி வந்துவிடும். புரதச் சத்து இல்லாத பட்டினி நீண்டால் தசையும் கரையும். தசை கரைந்தால் இளமையா வரும்? முதுமைதான் சீக்கிரம் வரும்.

உணவைக் குறைத்தால் முதுமை தள்ளிப் போகுமா என்று அமெரிக்காவில் உண்மையாகவே சோதித்திருக்கிறார்கள். சுமார் 220 பேர், இரண்டு வருஷம். சத்துக் குறையாமல் வழக்கமான உணவில் ஏறக்குறைய 12 சதவிகிதம் குறைத்தார்கள். 2023-ல் வந்த முடிவின்படி, ஒரு ரத்தப் பரிசோதனை அளவுகோலில் மூப்பின் வேகம் 2, 3 சதவிகிதம் குறைந்தது. வேறு இரண்டு அளவுகோல்களில் மாற்றம் தெரியவில்லை. டாக்டர்கள் மேற்பார்வையில் இரண்டு வருஷம் இருந்தே இவ்வளவுதான் என்றால், பத்து நாள் ஜூஸ் எந்த மூலைக்கு?

ஆபத்து எங்கே இருக்கிறது?

அவள் பையிலிருந்த சுரைக்காயை எடுத்துக் காட்டினேன். 2010-ல் டெல்லியில் கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்த ஒரு விஞ்ஞானி இறந்தே போனார். அதன் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு அமைத்து விசாரித்தது. கசக்கும் சுரைக்காயின் சாற்றைக் குடிக்கவே கூடாது என்பது அவர்கள் எச்சரிக்கை. ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள்; கசந்தால் துப்பிவிட்டுக் காயைத் தூக்கி எறியுங்கள்.

பசலைக் கீரையைப் பச்சையாக அரைத்து தினமும் டம்ளர் டம்ளராகக் குடித்தால் அதிலுள்ள ஆக்ஸலேட் உப்பு சிறுநீரகத்தில் படியக்கூடும். இப்படிப் பச்சைச் சாறு குடித்து ஒரு அமெரிக்கப் பெண்மணியின் சிறுநீரகம் கெட்டுப்போனதை 2018-ல் டாக்டர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் பட்டினி கிடந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும். கர்ப்பிணிகள் இதை நினைத்தே பார்க்கக் கூடாது.

பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் தினம் 600 கலோரி, அடுத்த ஆறு மாதம் 520 கலோரி கூடுதலாக வேண்டும் என்று நம் நாட்டுக் கணக்கு சொல்கிறது. "நீ பத்து நாள் தண்ணியும் சாறுமா இருந்தா, குழந்தை எங்கேடி போகும்?" என்று கேட்டேன். அவள் தலை குனிந்தாள்.

அப்படியானால் இளமைக்கு என்ன வழி?

முகத்தை மூப்படையச் செய்வதில் வெயிலுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆஸ்திரேலியாவில் 903 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2013-ல் வெளியானது. தினமும் வெயில் தடுப்புக் களிம்பு தடவியவர்களின் தோலில், நாலரை வருஷத்தில் மூப்பு கூடியதாகவே தெரியவில்லை. களிம்பு வாங்க முடியாவிட்டால் குடை இருக்கிறதே! அதோடு தினம் ஒரு கிண்ணம் பருப்போ சுண்டலோ, வேகவைத்த கீரை, பழத்தைச் சாறு பிழியாமல் முழுதாக, அரை மணி நடை, நல்ல தூக்கம். வீட்டில் யாராவது புகை பிடித்தால் அதற்கும் ஒரு முழுக்குப் போடச் சொல்லுங்கள்.

கடைசியில்தான் அவள் மனசைத் திறந்தாள். "கண்ணுக்குக் கீழே கறுப்பு, முடி கொட்டுது, எந்நேரமும் அசதி. போட்டோவைப் பார்த்துட்டு அவர், 'என்ன, இப்படி வயசாயிடுச்சு உனக்கு'ன்னார், அக்கா."

டாக்டரிடம் அழைத்துப் போனேன். ரத்தசோகை! நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு அது இருக்கிறது என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார் டாக்டர். அவள் கணவரைக் கூப்பிட்டு, "ராத்திரி ஒரு வேளை குழந்தையை நீங்க தூக்கிக்கங்க. பாதி வைத்தியம் அதுதான்" என்றும் சொன்னார்.

அன்று அந்தக் கீரை கூட்டாயிற்று. சுரைக்காய், ருசி பார்த்த பிறகு, பால் கூட்டாயிற்று. மிக்ஸி? தேங்காய் அரைக்கத்தான் உதவியது.